நரியும் சுத்தமான பின்னணியும்

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆணுக்குச் சர்க்கரை வரும். இல்லையென்றால் கேமரா வரும். எனக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தன. சர்க்கரையை மாத்திரை போட்டு அடக்கிவிட்டேன்.

கேமராவுக்குச் சீதனமாகத் திருப்பதியில் ஒரு வாட்ஸ்அப் குழுவும் வந்து சேர்ந்தது. வனவிலங்குகளைப் படம் எடுப்பவர்களின் குழு. (நாங்கள் அதுவரை எடுத்த வனவிலங்குகளில் பெரும்பாலானவை மைனா.) அதன் அட்மின் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். லோன் கேட்டு வந்தவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்த அதே கண்ணால் எங்கள் படங்களையும் பார்ப்பார். நான் எதைப் போட்டாலும் ஒரே பதில்தான்: "பின்னணி சுத்தமாக இல்லை." மீன்கொத்தியைப் போட்டேன், பின்னால் செல்போன் டவர். மயிலைப் போட்டேன், பின்னால் லுங்கியோடு ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மயிலைவிட அவர்தான் தெளிவாக விழுந்திருந்தார்.

இப்படி மானம் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் மைத்துனன் முனிரத்தினம் போன் செய்தான். என் மனைவி கஸ்தூரியின் தம்பி. விஜயபுரம் பக்கத்தில் வேர்க்கடலை (அவன் பேச்சில் மல்லாட்ட) போடுகிறவன்.

"மாமா, நம்ம கொல்லி வரப்புல நரி குட்டி போட்டுக்கீது. சாயங்காலமானா வெளிய வந்து ஆடிக்கினு கீது. வந்து போட்டோ புடிச்சிக்கோ."

கொல்லி என்றால் எங்கள் பக்கத்தில் மேட்டு நிலம். எனக்கு அது காஷ்மீர் மாதிரி காதில் விழுந்தது. சனிக்கிழமை மதியமே கஸ்தூரியையும் ஏற்றிக்கொண்டு புத்தூர் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். காட்டிலை அச்சடித்த சட்டை, அதே துணியில் தொப்பி. முனிரத்தினத்தின் மகள் ஜோதி வாசலிலேயே சிரித்துவிட்டாள்.

"மாமா, அந்தச் சட்டையில நீங்க எங்க கீறீங்கன்னே தெரியல. தொப்பை மட்டும் தனியா நடந்து வருது."

ஜோதிக்குத் திருப்பதியில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. மறுநாள் காலையில் கடலை பிடுங்க ஆள் சொல்லியிருந்தார்கள். கடலை வீட்டுக்கு வந்தால் ஜோதி காலேஜுக்குப் போவாள். அந்த வீட்டில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. நான் மட்டும்தான் நரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் முனிரத்தினத்தோடு போய் வரப்போரம் குப்புறப் படுத்தேன். நரி வந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, மை தொட்டு எடுத்தது போலக் கறுத்த வால் நுனி. வளைக்கு வெளியே உட்கார்ந்து, சீமந்தத்துக்கு உட்கார்த்திய பெண் மாதிரி கேமராவைப் பார்த்தது. படம் எடுத்துத் திரையைப் பார்த்தால், நரியின் தலைக்கு மேலே கிளிப்பச்சையில் ஒரு புடவை பறந்துகொண்டிருந்தது.

காட்டுப்பன்றி உள்ளே வராமல் இருக்கக் கொல்லியைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய புடவைகளைக் கட்டுவது அங்கே வழக்கம். இந்தக் கிளிப்பச்சை மட்டும் பழசாகத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன். எங்கள் கல்யாண நாளுக்கு நான் தேடிப்பிடித்து எடுத்துக்கொடுத்தது.

"இது எப்படிடா இங்கே வந்தது?"

"அக்காதான் குடுத்துது. ராசியான புடவை மாமா. அதக் கட்டின பக்கம் ஒரு பன்னி எட்டிப் பாக்கல."

கலை உள்ளமும் கணவன் உள்ளமும் சேர்ந்து புண்பட்டால் புத்தி எங்கே நிற்கும்? விடிகாலையில் நரி மறுபடி வரும். பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். "நீ போய்ச் சாப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மைத்துனனை அனுப்பினேன். அந்தப் பக்கத்துப் புடவைகள் அத்தனையையும் அவிழ்த்து, அழகாக மடித்து (மடிப்பதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு) வரப்பில் அடுக்கிவிட்டு வந்தேன். ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பன்றிகள் வேறு மாதிரி நினைத்திருக்கின்றன.

விடிகிற நேரத்தில் போய்ப் படுத்தேன். வெளிச்சம் தங்கமாக இறங்கியது. நரி வந்தது. வளையோரம் நிற்காமல் இந்த முறை நிலத்துக்குள் நடந்து, புரட்டிப்போட்ட செம்மண்ணில் எதையோ பொறுக்கித் தின்றது. பின்னால் செடி இல்லை, கொடி இல்லை; மண் மட்டும் மங்கலாக, பட்டு விரித்த மாதிரி. இயற்கையே எனக்காகப் பின்னணியைக் கூட்டிப் பெருக்கிவிட்டதாக நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். அங்கேயே படுத்தபடி குழுவுக்கும் அனுப்பினேன்.

முனிரத்தினம் செருப்புச் சத்தத்தோடு வந்தான். கூலியாட்கள் வருகிற நாளில் நரி முகத்தில் முழித்தால் கடலைக்கு நல்ல விலை விழும் என்று ராத்திரியே சொல்லிவைத்திருந்தான். அதற்குள் நரி வளைக்குள் போய்விட்டது. நேரில் பார்க்காவிட்டால் என்ன என்று கேமராத் திரையை நீட்டினேன். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"நரி நல்லா கீது மாமா," என்றான். "பின்னால இருந்த மல்லாட்ட எங்க?"

அப்போதுதான் நான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து நிலத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுவதும் டிராக்டர் ஓட்டியது போல் கிடந்தது. பன்றிகள் குடும்பத்தோடு வந்து, வேரும் மண்ணுமாகக் கிளறி, கடலையைத் தின்று ஓட்டைத் துப்பிவிட்டுப் போயிருந்தன. நரி பொறுக்கியது பந்தியில் மிஞ்சியதை.

முனிரத்தினம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி தோளிலேயே போட்டான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். கடலை பிடுங்க வந்த பெண்களுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை.

"ஏம்ப்பா முனிரத்தினம், நாங்க புடுங்க வேண்டியத பன்னி புடுங்கிட்டுப் போயிருக்குது. கூலிய அதுங்களுக்கே குடுத்துடு!"

"இவருதான் காவலா? சட்டயப் பாத்தா பன்னிக்குப் பந்தல் போட்டாப்பல கீது!"

பக்கத்து நிலத்துக்காரர் தன் தெலுங்கில் விசாரித்தார்: "நக்க தினிந்தா, பந்தி தினிந்தா?" நரி தின்றதா, பன்றி தின்றதா? மாமா தின்றார் என்று யாரோ பின்னாலிருந்து தமிழில் பதில் சொன்னார்கள். ஜோதி சிரிக்கவில்லை. மடித்துவைத்த புடவைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷத்தில் என் சட்டை நிஜமாகவே என்னை மறைத்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

சரியாக அப்போது பாக்கெட்டில் போன் துடித்தது. அட்மின்: "பின்னணி அற்புதம்! எப்படி சார் சாதித்தீர்கள்?"

மீதி நிலத்துக் கடலையை எல்லோரோடும் சேர்ந்து நானும் பிடுங்கினேன். மதியத்துக்குள் முதுகு போய்விட்டது. கஸ்தூரி மோர் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்தாள், கூலியாட்களுக்குக் கொடுத்தாள், கடைசியில் என் முன்னால் நின்றாள். "பொறந்த வீட்டுக்கு வெறுங்கையோட வாங்க, போதும்னு சொன்னேன். கேட்டீங்களா?"

அந்த வாரமே கேமராவும் லென்ஸும் புத்தூர் கல்யாண போட்டோகிராபர் ஒருவரிடம் போயின. ஜோதி காலேஜுக்குப் போனாள். முடிவை நான் மனமுவந்து எடுத்ததாக உறவினர்களுக்கு அறிவிக்கப்பட்டது. எனக்கும் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது.

ஊரில் இப்போது அந்த நிலத்துக்குப் பெயர் போட்டோ கொல்லி. சர்வே நம்பர் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. போன மாதம் அங்கே போயிருந்தபோது மோட்டார் லைன் பார்க்க வந்த புது லைன்மேன் என்னிடம் ஆவலாகக் கேட்டார்: "போட்டோ கொல்லின்றாங்களே சார், இங்க ஏதாவது சினிமா எடுத்தாங்களா?"

"ஆமாங்க," என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தேன்.

"ஹீரோ யாரு?"

ஸ்விட்ச் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த முனிரத்தினம் தலையை எடுக்காமலே சொன்னான்: "நடிச்சதெல்லாம் பன்னிங்கதான். மாமா புரொடியூசர்."