ஆல்வின் வேகஸை மட்டம் தட்டிய நாள்

லாஸ் வேகஸ் மாநகரத்தை ஒரே பகலில் ஒன்றுக்கும் ஆகாத ஊராக்கிவிடுவது என்று ஆல்வின் மெதெய்ரோஸ் காலையில் பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டார். பீரங்கி வேண்டாம், குண்டு வேண்டாம். வாய் போதும். அதை அவர் ஹவாய்த் தீவிலுள்ள தன் ஊர் ஹிலோவிலிருந்து மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

எல்லாம் விமானத்தில் மனைவி மோமி போட்ட வெடியால் வந்தது. கீழே கடல் முடிந்து பாலைவனம் தொடங்கியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, நாமளும் இங்கேயே குடி வந்துடலாமா? அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்காம். நாளைக்கு ஊரைச் சுத்திப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

ஆல்வின் சீட் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஹவாயிலிருந்து வேகஸைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் அப்படியே தங்கிவிட்டவர்கள்தான். ஹிலோவில் அவர் தெருவே பாதி காலி. இங்கே கடைத்தெருவில் நடந்தால் கூடப் படித்தவன் எதிரே வந்து கட்டிப்பிடிக்கிறான்.

ஆல்வினால் கடல் இல்லாமல் இருக்க முடியாது. அவர் மீன் பிடிக்கிறவர் இல்லை. நீச்சலும் வராது. ஆனால் வேலை முடிந்ததும் விரிகுடா ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றுமே செய்யாத நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் உழைத்துக்கொண்டிருந்தார்.

ஊரைக் காட்ட மோமியின் அக்கா ஹௌனானி வந்து சேர்ந்தாள். ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் வேலை. நல்ல மனுஷிதான், தூரத்தில் இருக்கும்வரை. வேகஸுக்கு வருவதற்கு முன் ஆல்வின் வீட்டில் சில மாதம் தங்கியிருந்தாள். பொழுது விடியும் முன்பே யூகுலேலே என்கிற குட்டி கிடாரும் பாட்டும். வீட்டு அலமாரிகள் தினமும் இடம் மாறும். "இது உனக்கு நல்லாயில்ல மாப்ளே" என்று சொல்லிச் சொல்லியே அவருடைய பாதிச் சட்டைகளைத் தானம் செய்துவிட்டாள். அவள் வேகஸுக்கு விமானம் ஏறிய அன்று ஆல்வினுக்குக் கண் கலங்கியது. பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று மோமி அதன்பிறகு எப்போது கேட்டாலும் ஆல்வினுக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விடும்.

முதலில் ஐஃபல் கோபுரம். அதாவது, அதில் பாதி.

"அடேங்கப்பா, எவ்வளவு அழகு!" என்றாள் மோமி.

"நிஜத்துல இதைவிட ரெண்டு மடங்கு உசரமாம். பாதிக் கோபுரம் கட்டினவன் பாதி மழையாவது பெய்ய வெச்சிருக்கலாம்ல?"

"இங்க மழை அதிசயமாத்தான் எட்டிப் பாக்கும் மாப்ளே," என்றாள் ஹௌனானி.

"கேட்டியா மோமி? இந்த ஊர்ல துணி மட்டுமா காயும், மனுஷனும் சேர்ந்து காஞ்சுடுவான்."

"செருப்புல பாசி புடிக்குது, மனுஷன் இருப்பானா இந்த மழையிலன்னு போன வாரம்தானே கத்தினீங்க?"

"அது உரிமையோட திட்டறது. என் ஊர் மழையை நான் திட்டாம வேற யாரு திட்டுவா?"

மோமி "ம்" என்று மட்டும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேச்சுக்கு அவள் "ம்" என்று அடங்கி ஆல்வின் பார்த்ததில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது கால்வாய். ஒரு விடுதிக்குள்ளேயே தண்ணீர் ஓடியது. அதில் படகு, படகின் பின்னால் நின்று பாடிக்கொண்டே துடுப்புப் போடும் ஆள். மேலே கூரை முழுக்க வானம் தீட்டியிருந்தார்கள். எந்த நேரத்தில் போனாலும் அங்கே சாயங்காலம்தான். ஹௌனானி கட்டிக்கொண்டு வந்த சோற்று உருண்டைகளை மோமி பிரித்துக் கொடுத்தாள். ஆளுக்கு ஒன்று கையில் வைத்துக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இந்த வானத்துக்கு என்னங்க குறைச்சல்?" என்றாள் மோமி.

ஆல்வின் குறை சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் படகின் அடியில் தண்ணீர் சளக் சளக்கென்று தட்டியது. குளிர்ந்த காற்று கழுத்தைத் தொட்டது. அவர் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"இந்த மேகம் நகராது மோமி. எவ்வளவு நேரம் பாத்தாலும் அங்கேயேதான் இருக்கும். நம்ம ஊர்ல இந்நேரம் மலைமேல மேகம் சேர்ந்துட்டிருக்கும். விரிகுடாத் தண்ணி மெல்லக் கறுக்கும். அப்புறம் ஒரு துளி. மூக்கு மேல விழும். யாரும் ஓட மாட்டாங்க. சந்தையில பப்பாளி விக்கிற அம்மா பேச்சை நிறுத்தாமலே பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடுவா. தகரக் கூரை மெதுவாப் பேச ஆரம்பிக்கும். நாம பேச வேண்டிய பேச்சையெல்லாம் அதுவே பேசிடும்..."

பாட்டு நின்றுவிட்டிருந்தது. படகோட்டியும் கேட்டுக்கொண்டிருந்தான். ஹௌனானி கடித்த உருண்டையை மென்று விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"வேலி ஓரம் அந்த இஞ்சிப்பூ இன்னும் பூக்குதா மாப்ளே?"

"பூக்குதாவா? ஜன்னலைத் திறந்தா வாசனை உள்ள வந்து உக்காந்துக்குது அக்கா. போன்னாலும் போறதில்ல."

அந்தச் செடியை ஆல்வினே போன வருஷம் வெட்டிப் போட்டிருந்தார். ஆனால் அந்த மங்கலான வெளிச்சத்தில் அது வேலி நிறையப் பூத்து நின்றது. அவருக்கே அந்த வாசனை அடித்தது.

ஹௌனானியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. மோமி உடனே கைக்குட்டையை நீட்டினாள்.

இருட்டத் தொடங்கியதும் எரிமலைக்குப் போனார்கள். ஒரு விடுதி வாசலில் குளமும் பாறையுமாகச் செய்து வைத்திருந்தார்கள். எப்போது வெடிக்கும் என்று பக்கத்திலேயே பலகை.

ஆல்வின் விழுந்து விழுந்து சிரித்தார். "எரிமலைக்கு டைம்டேபிள்! நம்ம பெலே அம்மன் யாருகிட்டயாவது நேரம் கேட்டுட்டு வந்திருக்காளா?"

ஹிலோக்காரர்களுக்கு எரிமலை என்றால் பெலே அம்மனின் வீடு. அவள் பேரைச் சொல்லிக் கொடுத்த வாக்கை எவனும் திரும்ப வாங்க மாட்டான். அங்கிருந்து கல்லை எடுத்துப்போன வெளியூர்க்காரர்களே பயந்துபோய்த் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஹௌனானி சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்ததுலேருந்து நான் ஒரு நாள்கூட நனையல மாப்ளே," என்றாள்.

ஆல்வினுக்கு நெஞ்சு உருகிவிட்டது. நிஜமாகவே உருகியது. பாவம், இத்தனை வருஷம் காய்ந்துபோய்க் கிடந்திருக்கிறாளே என்று இருந்தது. போதாததற்கு மூளையும் ஒரு கணக்குப் போட்டது. அக்காவே இங்கே இல்லையென்றால் மோமி எதற்காக இங்கே குடி வரப்போகிறாள்? மனசும் மூளையும் ஒரே நேரத்தில் பிடித்துத் தள்ள, ஆல்வின் எழுந்து நின்றார்.

"அப்ப எதுக்கு இங்க இருக்கீங்க? கிளம்பி வந்துடுங்க அக்கா! நம்ம வீடு இல்லையா? பெலே அம்மன் சாட்சியாச் சொல்றேன், ஆயுசுக்கும் நம்ம வீட்டுலயே இருங்க!"

எரிமலை சரியான நேரத்துக்கு வெடித்தது. நெருப்பு பொங்கியது, மேளம் முழங்கியது, கூட்டம் கைதட்டியது. ஹௌனானி அவரைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அந்தப் பிடியில் மூச்சு முட்டியபோதுதான் ஆல்வினுக்கு யூகுலேலே நினைவுக்கு வந்தது. கூடவே சட்டைகளும்.

அக்கா முகம் கழுவப் போனதும் அவர் மோமியின் காதோரம் குனிந்தார்.

"இது நிஜ எரிமலை இல்லையே மோமி. பெரிய கேஸ் அடுப்பு. இதுக்கு முன்னாடி நின்னு சொன்னதெல்லாம் கணக்குல வராது."

"எரிமலை பொய்தாங்க. அம்மன் பேரு நிஜம்தானே?"

"அப்ப... நாம இங்க குடி வர்றது?"

"கடலை விட்டுட்டா? எனக்கென்ன பைத்தியமா?"

ஆல்வின் அணைந்துபோன எரிமலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"சரி, வரட்டும். ஆனா பாவம், அவங்க வேலையை விடணும், வீட்டைக் காலி பண்ணணும். அவசரப்படுத்தாத. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நிதானமா..."

"எல்லாம் போன வாரமே ஆயாச்சுங்க," என்றாள் மோமி. "ஞாயித்துக்கிழமை நம்ம விமானத்துலதான் வர்றாங்க. ஜன்னல் சீட்டு அக்காவுக்கு, நடு சீட்டு உங்களுக்கு."