உங்கள் அக்கா தண்ணீர்த் தொட்டியில் ஏறிய விவரம்

திருத்தங்கல் வழி,
24.9.2007

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாண்டிச்செல்வம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் அக்கா புருஷன் சோலைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்கா கற்பகவல்லி, உங்கள் மருமகள் வேல்விழி, கறவை மாடுகள் இரண்டு எல்லோரும் நலம். அங்கே சென்னையில் தாங்களும் தங்கச்சியும் குழந்தையும் நலமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மேலே நலம் என்று எழுதியது மரியாதைக்காக. மாடுகள்தான் நலம். நான் நலமாக இல்லை, அதற்குக் காரணம் தாங்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு வந்தபோது உங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் சாக்கில் கட்டி எடுத்துவந்து, பிள்ளைக்குப் படிப்புக்கு ஆகும் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனீர்கள். படிப்பு ஒன்றும் அதில் இல்லை. ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றுதான் இருந்தது. எட்டாவது படிக்கிற வேல்விழி கொஞ்ச நாள் விளையாடிவிட்டுச் சலித்து எழுந்துவிட்டாள். அதோடு அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நான்தான் என் வாயால் உங்கள் அக்காவைக் கூப்பிட்டு, "இங்கன வா. இதுல ஒரு ஊரு இருக்கு, இதுக்கு நீ தலைவரா இரு. வெளிய இருக்கிற ஊரை நான் பாத்துக்கிடுறேன்" என்று சொன்னேன்.

அப்படிச் சொன்னதில் என்ன தப்பு? நமது ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் உங்கள் அக்காவைத் தேர்தலில் நிறுத்தியது நான். சிவகாசியில் நல்ல அச்சகமாகப் பார்த்து நாலு கலரில் போஸ்டர் அடித்தது நான். அதில் கும்பிட்டபடி முழு உயரத்துக்கு நின்றது என் படம், வேட்பாளர் படம் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் எனக்குப் போட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெயித்த பிறகு என் பைக்கில் 'தலைவர்' என்று எழுதிக்கொண்டேன், தலைவர் நாற்காலியில் நானே உட்கார்ந்து கஷ்டப்பட்டேன், பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் நீட்டினால் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். ஊரில் ஒரு பொல்லாப்பு உண்டா? டீக்கடையில் வந்து குறை சொல்வார்கள், "பாக்கலாம்யா" என்பேன், போய்விடுவார்கள். அம்புட்டு அமைதியான நிர்வாகம்.

அந்த விளையாட்டைப் பற்றித் தாங்கள் என்னை எச்சரித்திருக்க வேண்டும். வெறும் பொட்டலைக் கொடுத்து ஊர் கட்டு என்கிறார்கள். ரோடு போட வேண்டும், கரண்டு இழுக்க வேண்டும், பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் அந்த வீட்டுக்கு மேல் நீலமாக ஒரு சொட்டு மின்னிக்கொண்டே இருக்கிறது. பாக்கலாம்யா என்று சொல்லி அதை அனுப்ப முடியாது, குழாய் போட்டால்தான் நிற்கும். நானும் ஒரு நாள் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். என் அனுபவத்துக்கு அது ஒரு விஷயமா? வருமானம் வரட்டும் என்று வரிசையாக ஃபாக்டரியாக வைத்தேன். தீயணைப்பு நிலையம் தண்டச் செலவு என்று விட்டுவிட்டேன். ரோட்டை வேண்டிய காண்ட்ராக்டருக்கு விடலாம் என்று தேடினால் அப்படி ஒரு பட்டனே கிடையாது, தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடிக்க ஆளும் கிடையாது. என்ன விளையாட்டு இது? கொஞ்ச நேரத்தில் ஒரு ஃபாக்டரி பிடித்துக்கொண்டது, அடுத்ததற்குத் தாவியது, கடைசியில் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இங்கிலீஷில் ஒரு பலகை வந்து நின்றது. வேல்விழி வாசித்துவிட்டு, "அப்பா, ஒங்களப் பதவியில இருந்து எடுத்துட்டாக" என்றாள். உங்கள் அக்கா சிரித்த சிரிப்பில் கட்டுத்தறியில் கிடந்த மாடு எழுந்து நின்றது.

அவளுடைய ஊர் வேறு மாதிரி. கண்மாய் நிறையத் தண்ணீர், ரோட்டோரம் மரம், பெரிய ஆஸ்பத்திரி, நேரத்துக்கு வருகிற பஸ். சாயங்காலம் விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு கம்பெனிகளில் வேலை விட்டு வரும் பெண்கள், கையில் ஒட்டிய வெள்ளி மருந்தைக்கூடக் கழுவாமல் நம் வீட்டு ஜன்னலில் நின்று அந்த ஊரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதில் கீழத்தெரு முருகம்மாள் ஒருத்தி. தொகுப்பு வீடு கேட்டு என் பின்னால் நடையாய் நடந்தவள். "ஆசுபத்திரிக்குப் பக்கத்துல இருக்கே, அந்த வீடு யாருக்குக்கா?" என்று கேட்டாள். "ஒனக்குத்தான்" என்றாள் இவள். அவ்வளவுதான், ஜன்னலில் அடிதடி. ஆளுக்கொரு வீடு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எது என்று கேட்டேன், வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அந்த விளையாட்டில் வருஷங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் அக்கா ஆடி மாசமே 2050-ஐத் தாண்டிவிட்டாள். நம் பக்கத்து ஆட்களைத் தங்களுக்குத் தெரியும். பட்டாசுக்காரருக்கு வருகிற தீபாவளி வரைக்கும்தான் யோசனை, காலண்டர் அடிக்கிறவருக்கு அடுத்த வருஷம் வரைக்கும், நம்மைப் போலப் பயிர் வைக்கிற சம்சாரிக்கு அடுத்த மழை வரைக்கும். அதற்கு மேல் யோசித்த ஆள் இங்கிருந்து சாத்தூர் வரைக்கும் கிடையாது. இவள் என்னடா என்றால் ஊராட்சி அலுவலகத்துக்கு நேரே போய், என் நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்தர் சங்கையாவிடம், "அண்ணே, 2050-ல நம்ம ஊர்ல எம்புட்டுப் பேரு இருப்பாக? அவுகளுக்குத் தண்ணி எங்கன இருந்து வரும்?" என்று கேட்டிருக்கிறாள். ரிட்டயர் ஆகப்போகிற மனுஷன். "அம்மா, அப்ப நானே இருக்க மாட்டேன்" என்று கும்பிட்டிருக்கிறார். "நீங்க இருக்க மாட்டீக, ஒங்க பேத்தி இருப்பாள்ல" என்றாளாம். சங்கையா காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டார். என் நாற்காலி போனது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்தது கலர்த்தாள் விவகாரம். விளையாட்டில் குறை உள்ள வீடு தானாக மின்னுகிறது, நம்மூரில் எந்த வீடும் மின்ன மாட்டேன் என்கிறதே என்று யோசித்து, கோயில் மைக்கில் அறிவிப்புக் கொடுத்துவிட்டாள். தண்ணீர் வராத வீட்டில் நீலத் தாள், தெருவிளக்கு எரியாத இடத்தில் மஞ்சள், சாக்கடை தேங்கினால் பச்சை, தீப்பிடிக்கும் என்று பயம் உள்ள இடத்தில் சிவப்பு, இப்படிக் கூரை மேல் குச்சி நட்டுக் கட்ட வேண்டுமாம். நம் ஊரில் அரிசி இல்லாத வீடு இருக்கும், வெடி சுற்றுகிற கலர்த்தாள் இல்லாத வீடு இருக்காது. மறுநாள் விடிந்து பார்த்தால் ஊர் முழுக்கத் திருவிழாத் தோரணம். வெளியூர்க்காரர் ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்கி, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். முருகம்மாள் வீட்டில் நாலு கலரும் போக ரோஸ் கலரில் ஒன்று பறந்தது. அப்படி ஒரு கலரே அறிவிப்பில் இல்லையே என்று போய்க் கேட்டேன். "அது ஒங்களுக்குத்தான். நீங்க இந்தத் தெருப் பக்கம் வந்து எம்புட்டு நாளாச்சு, வழி தெரியட்டும்னு கட்டுனேன்" என்கிறாள்.

அத்தனை தாளையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும், விளையாட்டில் மேலிருந்து தெரிவது போலத் தெரிய வேண்டும் என்று உங்கள் அக்கா மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் ஏறிவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் விறுவிறுவென்று போய்விட்டாள். கீழே ஊர் கூடிவிட்டது. குடும்பச் சண்டையில் குதிக்கப் போகிறாள் என்று நினைத்த பெரியவர் ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே சோலைச்சாமி, அவ கேக்கிறதக் குடுத்துத் தொலைலே" என்று கெஞ்சினார். நான் என்னத்தைக் கொடுக்க? நாற்காலி ஏற்கனவே அவளிடம்தான் இருக்கிறது. மேலே நின்று அவள் தெருத் தெருவாகக் கத்த, லீவு முடிந்து வந்த சங்கையா கீழே நின்று எழுதிக்கொண்டார். வெள்ளையடித்தபோது அந்தத் தொட்டியில் கொட்டை எழுத்தில் எழுதியது என் பெயர். நான் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை.

இவ்வளவையும் பொறுத்தேன். இப்போது என் மானத்துக்கே வந்துவிட்டது. பட்டாசு கம்பெனி லட்சுமிகாந்தம் அண்ணாச்சியைத் தங்களுக்குத் தெரியும். கண்மாய்க்கரையில் அவருக்கு உள்ள இடத்தில் வெடி அடுக்கி வைக்கக் குடோன் கட்டப் போகிறார். சீசன் நெருக்கம், லோடு லோடாகச் சரக்கு நிற்கிறது. ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து வேண்டும். விருதுநகருக்கு அழைத்துப் போய் எண்ணெய்ப் பரோட்டாவும் சுக்காவும் வாங்கிக் கொடுத்துக் கேட்டார். கையெழுத்து என் சட்டைப் பையில் இருக்கிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வழக்கம் போல அடுப்படியில் பேப்பரை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். படித்தாள் மாப்பிள்ளை, படித்தாள்! "இது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வருது, போட மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கே பக்கத்தில்? பள்ளிக்கூடத்திலிருந்து கண்மாயைச் சுற்றி ரோடு போகிறது, பைக்கில் போனாலே ஒரு பீடி முடிந்துவிடும். அதைச் சொன்னேன். "ரோட்டுல போனா தூரந்தேன். தீ ரோட்டுலயா வரும்?" என்கிறாள். இப்படிப் பேசுகிறவளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? வருகிற இரண்டாம் தேதி காந்தி ஜெயந்தி கிராம சபையில் இதை வைத்து, வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொல்லப் போகிறாளாம். நான் எந்த முகத்தோடு அண்ணாச்சி முன்னால் போய் நிற்பேன்? தின்ற பரோட்டாவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் பஸ் ஏறி வந்து, கூடப்பிறந்தவர் என்ற முறையில் அவளுக்குப் புத்தி சொல்லி, அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுத்து, போகும்போது கம்ப்யூட்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன். சாக்கு பத்திரமாக இருக்கிறது. தங்கச்சிக்கு என் விசாரிப்பு, குழந்தைக்கு என் ஆசீர்வாதம். தங்கள் குடும்பம் தழைக்கட்டும், உத்தியோகம் உயரட்டும், இனிமேல் யாருக்கும் எதையும் இனாமாகக் கொடுக்காத நல்ல புத்தியை அம்மன் தங்களுக்கு அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
சோலைச்சாமி,
ஊராட்சி மன்றத் தலைவர் (அவர்களின் கணவர்)

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனவன் போடாமல் திரும்பி வந்து எழுதுகிறேன். போகிற வழியில் தொட்டி நின்றது, பக்கத்தில் ஆள் இல்லை. பொம்பளை ஏறின இடத்தில் நான் ஏறக் கூடாதா, அவள் பக்கம் பக்கம் என்கிறாளே, எவ்வளவு பக்கம் என்றுதான் பார்த்துவிடுவோம் என்று ஏறினேன். மேலே போய்க் கண்ணைத் திறக்கவே எனக்கு நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை, அங்கிருந்து பார்த்தால் ரோடு கணக்கிலேயே வரவில்லை. அண்ணாச்சி இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நாலு வேலிக்கருவையும் ஒரு மதில் சுவரும்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஓட்டின் மேல் பிள்ளைகள் சிவப்புத் தாள் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள், கீழே நின்றால் அது தெரியாது. இன்டர்வெல் விட்டிருந்தது. மதிலில் சாய்ந்துகொண்டு ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது, அதில் ரெட்டைச் சடையோடு நின்றது நம் வேல்விழி. நான் கட்டி எரித்த ஊர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கீழே இறங்கிச் சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டால் தாங்களும் அப்படியே சொல்லவும்.

மூன்று பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, எனவே மேலே உள்ளதை எல்லாம் படிக்காதது போல வைத்துக்கொள்ளவும். புத்தி சொல்ல வர வேண்டாம். சாக்கில் மாட்டுத் தீவனம் கட்டியாகிவிட்டது. ஆனால் இரண்டாம் தேதிக்கு அவசியம் வரவும், தங்கள் ஓட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது, நம் வீட்டுக் கை ஒன்றுகூடக் குறையக் கூடாது. முதல் கை நான் தூக்குவேன். அதை இப்போதே அக்காவிடம் சொல்லிவிட வேண்டாம், மாடு மறுபடி எழுந்துவிடும். அண்ணாச்சிக்கு நான் பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறேன். வரும்போது ஒன்று மட்டும் விசாரித்துக்கொண்டு வரவும், அந்த விளையாட்டில் பதவியிலிருந்து எடுத்த ஆளை மறுபடி சேர்த்துக்கொள்வார்களா? இந்தத் தடவை முதலில் தீயணைப்பு நிலையம்தான் வைப்பேன் என்று சொல்லவும்.