ஐந்து நாற்காலிக்கு ஒரு காவல்

இடம் போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை எறிகிறவர், மருத்துவமனை வரிசையில் பையை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர் எல்லாம் இவர்தான். உட்காருவதில் இவருக்குப் பெரிய ஆசை கிடையாது. வேறொருவர் உட்கார்ந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட அண்ணன் ஒருவர் வெளிநாட்டிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். தம்பி எஞ்சினியர். பல்லைப் பிடுங்கிய டாக்டரிடம்கூட, வாயிலிருந்து பஞ்சை எடுத்த மறுநிமிஷம், "என் தம்பி ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டியிருக்கான் டாக்டர்" என்றவர் அண்ணன். அந்தப் பாலத்தைக் காட்டத்தான் தம்பி எல்லாரையும் மாலைப் படகுக்கு அழைத்துப் போனார். மறுநாள் அண்ணனுக்கு விமானம். விட்டால் இனி எப்போதோ!

படகு ஆறு மணிக்கு. நாலரைக்கே அண்ணன் வரிசையில் முதல் ஆள். கயிற்றை விலக்கியதும் கீழ்த்தளத்தில் பாய்ந்து ஜன்னலோரமாக ஐந்து நாற்காலிகளைப் பிடித்தார். ஒன்றில் தாம், அடுத்ததில் கைக்குட்டை, பிறகு தண்ணீர் பாட்டில், அப்புறம் குடை. ஐந்தாவதற்குப் பொருள் இல்லை. யோசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

மற்றவர்கள் அத்தனை பேரும் மேல்தளத்துக்குப் போய்விட்டார்கள். கழிவறையைத் தேடி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவரை மட்டும், "ஆள் வருது, ஆள் வருது" என்று தமிழிலேயே விரட்டினார். அவருக்கும் புரிந்தது. இது உலக மொழியல்லவா?

அண்ணனின் மனைவி இறங்கி வந்தார். "மேல காத்து பிச்சுக்கிட்டு வருது. வாங்களேன்."

"எழுந்தா இடம் போயிடும்."

"இங்கதான் ஈ காக்கா இல்லையே!"

"இப்படித்தான் இருக்கும். திடீர்னு கூட்டம் ஏறிடும்."

"நடு ஆத்துலயா?"

அடுத்துத் தம்பி ஓடி வந்தார். "அண்ணா, பாலம் வந்தாச்சு! ஒரே நிமிஷம் வாங்கண்ணா." பள்ளிக்கூடத்து மார்க் அட்டையை அண்ணனிடம் முதலில் நீட்டிய அதே அவசரம் குரலில் இருந்தது.

அண்ணன் பாதி எழுந்துவிட்டார். படியில் யாரோ இறங்கும் சத்தம். உட்கார்ந்துவிட்டார்.

"இங்கேருந்தே தெரியும்டா. அதுக்குத்தானே ஜன்னலோரம் புடிச்சேன்?"

தம்பி கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே கைதட்டல் கேட்டது.

"என்னடா, திடீர்னு இருட்டிடுச்சு?"

"பாலம்ணா. அடியில போய்க்கிட்டிருக்கோம்."

அண்ணன் பதறிக் கண்ணாடியைத் துழாவினார். குடை விழுந்தது, பாட்டில் உருண்டது. கண்ணாடி காதில் ஏறுவதற்குள் வெளிச்சம் திரும்பிவிட்டது. ஜன்னலில் தண்ணீர் மட்டும் இருந்தது.

விழுந்த குடையை எடுத்து மறுபடி நாற்காலியில் வைத்துவிட்டு அண்ணன் மெல்லச் சொன்னார்: "நல்ல அகலமான பாலம்டா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கும் அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்கள். அந்த அம்மா எவ்வளவு நேரமாக நிற்கிறார், பாவம்!