இரண்டு புள்ளிக்கு ஒரு பூனை

பூனையின் இதயம் கேட்கவில்லை.

இதயம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. பூனை ஏழு கிலோ எடையோடு பரிசோதனை மேஜையின் மேல் உட்கார்ந்து, டாக்டரம்மாவைத் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்டெதஸ்கோப்பை அதன் மார்பில் வைத்தால், லப்-டப் என்று கேட்கவேண்டிய இடத்தில் குர்ர்ர்ர் என்று மட்டும் கேட்டது.

“நிறுத்து!” என்றார் டாக்டரம்மா.

பூனை கண்ணை மூடிக்கொண்டது. குர்ர்ர்ர்.

“யாரை அண்ணி அதட்டறீங்க?” என்றாள் நாத்தனார். பூனை அவளுடையது. நாள் முழுக்கத் தூங்கிவிட்டு வேளாவேளைக்கு மற்றவர்களை வேலை வாங்குவதால் வீட்டில் அதற்கு மேனேஜர் என்று பெயர். “சந்தோஷமா இருக்கான். இருந்துட்டுப் போகட்டுமே.”

“அவன் சந்தோஷமா இருந்தா நான் க்ளினிக்கை மூடணும்.”

அது வெறும் கோபப் பேச்சு இல்லை. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்குப் பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிவதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக முப்பது புள்ளிகள் காட்டவேண்டும். காட்டாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது. டாக்டரம்மாவிடம் இருபத்தெட்டு இருந்தது. உரிமம் திங்கட்கிழமை முடிகிறது. இன்று சனி.

மீதி இரண்டு புள்ளி ஆன்லைன் இதயப் பாடத்தின் கடைசிப் பயிற்சியில் கிடைக்கும். ஒரு பூனையைப் பரிசோதனை மேஜையில் வைத்து, பதினைந்து விநாடி இதயத்துடிப்பைப் பதிவு செய்து, மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். அவ்வளவுதான். இதற்காகவே வாங்கிய எலக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப் அன்று காலைதான் கூரியரில் வந்தது. அது எந்தச் சின்னச் சத்தத்தையும் நாற்பது மடங்கு பெரிதாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டருக்கு இடம் வேண்டுமே என்று, அந்தச் சின்ன அறையில் இருந்த மற்ற சாமான்களையெல்லாம் மேஜைப் பக்கமாக நெருக்கித் தள்ளியிருந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு பூனைகூடச் சிகிச்சைக்கு வரவில்லை. நாத்தனாரிடம் கெஞ்சவேண்டியதாயிற்று.

மணி மூன்று.

“வெளியில ஒரு சத்தமும் கேக்கலையே,” என்றாள் நாத்தனார், பூனையின் முகத்தருகே காதை வைத்து.

“சில பூனைங்க சத்தமில்லாமத்தான் பண்ணும். முதுகுல கைய வச்சுப் பாரு.”

நாத்தனார் கையை வைத்தாள். “ஆமா! கிர்ருங்குது!”

டாக்டரம்மாவுக்கு விளக்கம் சொல்வதென்றால் வேறு எதுவும் வேண்டாம். “தொண்டையில குரல் நாண் இருக்கில்ல, அதைச் சுத்தி ஒரு தசை. அது விநாடிக்கு இருபத்தஞ்சு தடவை துடிக்கும். காத்து உள்ள போகும்போதும் குர்ருங்கும், வெளிய வரும்போதும் குர்ருங்கும். நடுவுல மூச்சு திரும்புற இடத்துல மட்டும் துளி இடைவெளி விடும்.”

“இவ்வளவு தெரியுது. நிறுத்தத் தெரியலையா?”

தெரியும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் பூனை திடுக்கிட்டு நிறுத்திவிடும். டாக்டரம்மா மேஜைக்குப் பக்கத்துக் குழாயை முழு வேகத்தில் திறந்தார். மேனேஜர் எட்டிப்பார்த்து, ஒரு காலை நீட்டித் தண்ணீரைத் தொட்டு, அந்தக் காலை டாக்டரம்மாவின் கோட்டில் துடைத்தான். இப்போது பதிவில் குர்ர்ர்ரோடு அருவியும் கேட்டது.

இரண்டாவது வழி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை மூக்கருகே காட்டுவது. மேனேஜர் முகர்ந்தான். யோசித்தான். டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடி மேல் நேராகத் தும்மினான்.

“குழந்தைய ஏன் அண்ணி இம்சை பண்றீங்க?” நாத்தனார் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தடுப்பூசிகளுக்கு நடுவே வைத்திருந்த தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வேகவைத்த மீனை எடுத்து ஊட்டினாள்.

“அங்க மீன் வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“சூடா குடுத்தா சாப்பிட மாட்டான்.”

ஒரு துண்டோடு மேனேஜர் விடவில்லை. பெட்டி ஐந்தாறு முறை திறந்து மூடியது. டாக்டரம்மா மறுபடி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். குர்ர்ர்ர் முன்னைவிடத் தடிப்பாக வந்தது. “பாத்தியா! மீனைத் தின்னுட்டு இன்னும் குஷியாயிட்டான்!”

மூன்றாவது வழிக்கு வாசலுக்குப் போனார். அங்கே தடுப்பூசிக்காக ஒருவர் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காக்கிச் சட்டை, பொறுமையான முகம்.

“உங்க நாயை ஒரு நிமிஷம் இரவல் தருவீங்களா? பூனையைக் கொஞ்சம் பயமுறுத்தணும்.”

“இதுவா?” என்று அவர் குட்டியைப் பார்த்தார். “இது நேத்து விளக்குமாத்தைப் பாத்துப் பயந்துச்சும்மா.”

ஆனாலும் தந்தார். குட்டி உள்ளே வந்தது. மேனேஜர் மேஜை விளிம்பிலிருந்து தலையை நீட்டிக் குட்டியைப் பார்த்தான். குட்டி தரையில் ஒரு குளம் கட்டிவிட்டு எஜமானரிடம் ஓடியது. மேனேஜர் கொட்டாவி விட்டான். டாக்டரம்மா தரையைத் துடைத்தார். மணி நாலு.

வேறு வழியில்லாமல், கால்நடை மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்கும் இணையக் குழுவில் எழுதினார்: ‘ஒரு மணி நேரமாகக் குர்குர் நிற்கவில்லை. உதவுங்கள்.’

பதில்கள் கொட்டின. ஒருவர் பூனையின் காதில் ஊதச் சொன்னார். ஊதினார், அறை வாங்கினார். இன்னொருவர் விளக்கை அணைத்துத் துண்டால் போர்த்தச் சொன்னார். தூங்கினால் தானாக நின்றுவிடும், தூங்கும் பூனை குர்குர் போடாது.

போர்த்தினார். மேனேஜர் தூங்கிவிட்டான். வாயைப் பிளந்து, நாலு காலையும் விரித்து, உண்மையான தூக்கம்.

குர்ர்ர்ர்.

டாக்டரம்மாவுக்கு மயிர் கூச்செறிந்தது. கவனித்துக் கேட்டார். மூச்சு திரும்பும் இடத்தில் இடைவெளியே இல்லை! நூல் பிடித்ததுபோல ஒரே சீராக ஓடியது. அதையும் குழுவில் எழுதி, பதிவையும் சேர்த்து அனுப்பினார்.

ஐந்தாவது நிமிடத்தில் இதயப் பாடத்தின் பேராசிரியரே திரையில் வந்துவிட்டார்.

“டாக்டர், முப்பது வருஷமா பூனை நெஞ்சுல காதை வச்சிருக்கேன். இப்படி ஒண்ணு கேட்டதில்ல. இது புதுசு!”

“புதுசுன்னா... சார்?”

“புது நோய்! நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. ரெண்டு புள்ளி என்ன, இருபது தரலாம். நோய்க்கு உங்க பேரையே வச்சிரலாம்.”

டாக்டரம்மா தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

“அது எப்படி?” என்றாள் நாத்தனார் குறுக்கே புகுந்து. “பூனை என்னுது. வச்சா மேனேஜர் நோய்னுதான் வைக்கணும்.”

“நீ சும்மா இரு. கண்டுபிடிச்சது நான்.”

“பெத்த மாதிரி வளத்தது நான்!”

“எதுக்கும் எல்லாரும் கேக்கட்டும்,” என்றார் பேராசிரியர். “நேரடியா ஸ்பீக்கர்ல போடுங்க.” திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள் முளைத்தன. நூற்று நாற்பது மருத்துவர்கள். டாக்டரம்மா தூங்கும் பூனையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். க்ளினிக் முழுக்கக் குர்ர்ர்ர் என்று அதிர்ந்தது. நூற்று நாற்பது பேரும் குறிப்பெடுத்தார்கள்.

“தசை ஓயவே இல்ல,” என்றார் பேராசிரியர். குரல் இப்போது கனத்திருந்தது. “இப்படியே போனா தொண்டை வீங்கி மூச்சடைச்சுரும். தாமதிக்காதீங்க. உடனே எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. மயக்க மருந்து குடுத்துத் தொண்டையைத் திறந்து பாத்துரலாம்.”

நாத்தனாரின் முகம் வெளுத்தது. “திறந்தா? அண்ணி, காலைல நல்லாத்தானே இருந்தான்? செத்துடுவானா?”

ஏழு கிலோ பூனைக்கு மயக்க மருந்து என்றால் என்ன ஆபத்து என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். இதயம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அந்த இதயத்தைத்தான் மதியத்திலிருந்து யாராலும் கேட்கமுடியவில்லை. அவர் மேனேஜரின் தலையைத் தடவினார். நோய்க்குப் பெயர் வைக்கும் ஆசை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“என் பேரும் வேணாம், உன் பேரும் வேணாம்,” என்றார் மெல்ல. “புள்ளியும் வேணாம். இவன் பொழைச்சா போதும்.”

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூனைக் கூடையைத் தேடினாள். மணி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஸ்பீக்கரில் குர்ர்ர்ர் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவு மெல்லத் திறந்தது. காக்கிச் சட்டைக்காரர் நாய்க்குட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார்.

“ஊசி அப்புறம் போட்டுக்கலாங்க,” என்றார் டாக்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இங்க ஒரு உயிர் போராடிட்டிருக்கு.”

“அதுக்கில்லம்மா,” என்றார் அவர் கூச்சத்தோடு. “ஸ்பீக்கர்ல போட்டீங்களே, அந்தச் சத்தத்தை நான் முப்பது வருஷமா கேட்டுட்டிருக்கேன், எனக்குத் தொழிலே பிரிட்ஜ் ரிப்பேர்தான்: பூனைக்கு ஒண்ணுமில்ல, உங்க பிரிட்ஜ் மேஜைல முட்டிக்கிட்டு ஓடுது, நாலு விரல் தள்ளி வைங்க, இதயம் கேக்கும்.”