விமானத்தை முறைத்தவர்

திருவண்ணாமலையில் எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். ஒருவர் மட்டும் விமானத்தைப் பார்த்து முறைப்பார். அப்படி ஒரு பொறாமைக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு வந்து முறைத்துவிட்டுப் போவார்.

எங்கள் தெருவில் அவருக்கு ‘ஏர்ஃபோர்ஸ்’ என்று பெயர். விமானப்படையில் டயர் மாட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரிவலப் பாதையோரம் ஒரு பழைய போர் விமானத்தை மேடையில் ஏற்றி, ‘தேசத்தின் விமானிகளுக்கு வணக்கம்’ என்று கல்வெட்டும் வைத்தார்களே, அன்றைக்கு ஆரம்பித்தது அவருடைய வயிற்றெரிச்சல்.

“ஓட்டுனவனுக்கு மட்டும் வணக்கமா சார்? டயர் மாட்டுனவன் இன்னா, வேடிக்கை பாக்க வந்தவனா?”

“கல்வெட்டுக்குக் கீழ உங்க பேரையும் போடச் சொல்லலாங்களா?”

“அங்கயும் நான் கீழதானா?”



நம் ஜனங்களுக்கு மேடையில் ஏதாவது நின்றால் போதும். பௌர்ணமிக்கு நடக்க வந்தவர்கள் விமானத்துக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். அதைச் சுற்றினால் விசா கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மஞ்சள் கயிறும் கையுமாக வந்த ஒரு பெண் நம்மவரையே கேட்டாள்.

“எங்க கட்டணும் தாத்தா?”

“டயர்ல கட்டும்மா. அது உருண்டாதான் மத்ததெல்லாம் பறக்கும்!”

அடுத்த பௌர்ணமிக்குள் டயர் தெரியாத அளவுக்குக் கயிறு. கல்வெட்டைச் சீந்த ஆளில்லை. ஏர்ஃபோர்ஸ் முகத்தில் கல்யாணக் களை!

அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே விசா வந்துவிட்டது. ரோஜா மாலையோடு ஓடி வந்தாள். “தாத்தா, நீங்க சொன்னபடியே நடந்துடுச்சு!” இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கழுத்தை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் டயருக்கு மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

அன்றிலிருந்து டயரையும் முறைக்க ஆரம்பித்தார்.

போன மாதம் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். வழியனுப்பப் போனபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு ரோஜா மாலை வாங்கி அவர் கழுத்தில் போட்டேன். குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு சந்தேகமாகக் கேட்டார்.

“டிரைவருக்குப் போடலியே?”

“இல்லைங்க. உங்களுக்கு மட்டும்தான்.”

மாலையைக் கழற்றாமலே ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். பெங்களூரில் இப்போது எதை முறைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. அந்தத் தெருக்காரர்கள் மேல் எனக்கு ஒரே பொறாமை.