கையில்லாச் சிலையும் டோரதியின் சம்பந்தமும்

சேசு மரி சூசை

ராயபுரம்,
11-8-1969, திங்கள்

மரியாதைக்கும் பயபக்திக்கும் உரிய மூத்த மச்சான் பாஸ்கல் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ஃப்ளோரன்ஸைக் கைப்பிடித்த நாள் முதலாக இருபத்தாறு வருஷமாய்த் தங்களிடம் புத்திமதி வாங்கிக்கொண்டிருக்கும் கஸ்பார் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், ஃப்ளோரன்ஸ், டோரதி மூவரும் சுகம். பொன்மலையில் தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்கவும், தங்கள் முதுகுவலி குறைந்திருக்கவும் ராயப்பரை வேண்டிக்கொள்கிறேன். மரியாதை இத்துடன் போதும். விஷயத்துக்கு வருகிறேன். டோரதிக்குத் தூத்துக்குடி சம்பந்தம் முடிந்தது. முடித்தவன் நான்.

போன மாசம் தாங்கள் எழுதிய கடுதாசி என் எதிரிலேயே இருக்கிறது. "மாப்பிள்ளையின் அப்பா லூர்து, ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர், நாலும் தெரிந்தவர், அவரும் அவர் சம்சாரமும் பெண்ணையும் குடும்பத்தையும் பார்க்க நாலு நாள் வந்து தங்கப்போகிறார்கள், ஆகையால் நீ வாயை மூடிக்கொண்டு, முக்கியமாய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இரு" என்று எழுதியிருந்தீர்கள். மச்சான், துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கப்பல் தட்டில், சரக்கு அறையின் விளிம்பில் நின்று, கீழே இருப்பவனுக்கும் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவனுக்கும் நடுவே கைஜாடை காட்டியவன் நான். அந்த இரைச்சலில் எவன் வாய்ப்பேச்சு எவனுக்குக் கேட்கும்? உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் மெல்ல இறக்கு, கை முட்டியை மடக்கினால் அப்படியே பிடி, உள்ளங்கையை முன்னால் நீட்டினால் நிறுத்து. என் கையை நம்பித்தான் பத்து டன் சரக்குக்கு அடியில் ஆட்கள் நின்றார்கள், ஒருத்தன் விரல்கூட நசுங்கினதில்லை. அப்பேர்ப்பட்ட கையை மடியில் வைக்கச் சொன்னால் எப்படி வைப்பது? ஆனாலும் பெரியவர் சொல்கிறாரே என்று வைத்துத்தான் பார்த்தேன். அதனால்தான் முதல் மூணு நாளும் நாசமாய்ப் போச்சு என்பது என் அபிப்பிராயம்.

வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள். லூர்து மாஸ்டர் ஒல்லி, கண்ணாடி, அதிகம் பேசாதவர். அவர் சம்சாரம் ரோஸ்மேரி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். மத்தியானம் நண்டுக் குழம்பு. மாஸ்டர் ரெண்டாந்தரம் ஊற்றினதும் உள்ளங்கையை இலைக்கு மேலே கவிழ்த்து மெல்ல ஆட்டினார். "இன்னும் எறக்க சொல்றாரு புள்ள, போடு" என்றேன். ஃப்ளோரன்ஸ் போட்டாள். அவர் மறுபடியும் ஆட்டினார், மறுபடியும் போடச் சொன்னேன். கடைசியில் ரெண்டு கையையும் கவிழ்த்து வேகவேகமாய் ஆட்டினார். "பசிக்காரரு, சீக்கிரமா எறக்கு" என்று சட்டியையே கவிழ்க்கச் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தனையும் சாப்பிட்டார். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் கஞ்சித் தண்ணிதான் அவருக்கு ஆகாரம். கொஞ்சம் தெம்பு வந்ததும், நான் வேலை பார்த்த இடத்தைக் காட்டுகிறேன் என்று துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கென்று இரும்புத் தாது ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை ஜிப்பாவில் போன மனுஷன் செங்கல் நிறத்தில் வீடு திரும்பினார். சனிக்கிழமை, எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் என் தோஸ்து தங்கப்பாண்டியின் படகில் கழிமுகத்தைச் சுற்றிக் காட்டலாம் என்று போனோம். படகு ஆட ஆரம்பித்ததும் மாஸ்டர் ரெண்டு கை முட்டியையும் இறுக்கி மடக்கி என்னையே பார்த்தார். அப்படியே பிடி என்கிறார், வேகம் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, "நைனா, இதே ஸ்பீடுல வுடு" என்று தங்கப்பாண்டியிடம் சொன்னேன். பயத்தில் முட்டி இறுகிப்போனது என்று கரைக்கு வந்து அவர் மணலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ரோஸ்மேரி பெட்டியை அடுக்கிக்கொண்டே அவரிடம் சொன்னதை ஃப்ளோரன்ஸ் காதால் கேட்டிருக்கிறாள். "பிள்ளை தங்கமான பிள்ளைதான். தகப்பனாரத்தான் நெனைச்சா பயமா இருக்கு. நாளைக்கி நம்ம வீட்டுக்கு வந்து என்னெல்லாம் செய்யப்போறாரோ." ஃப்ளோரன்ஸ் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டோரதிக்கு இருபத்துமூணு முடியப்போகிறது. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிற்று, இது மூணாவது. என்னால் என் பெண்ணுக்குக் கல்யாணம் நிற்கிறது என்றால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம் மச்சான்? தங்களுக்குத் தந்தி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன், யோசித்ததோடு சரி. அப்போது மாஸ்டரே மெல்ல வந்து, "நாளைக்கி சாயங்காலம்தான ரயிலு. காலையில கொஞ்சம் சிலை, படம் இதெல்லாம் பாக்க முடியுமா?" என்று கேட்டார். மூணு நாளில் அவர் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு, பெட்டி படுக்கையோடு ஐந்து பேரும் எழும்பூர் போனோம். சாமான்களை ஸ்டேஷனில் வைத்துவிட்டு மியூசியத்துக்கு நடந்தோம். நம்ம ஜனங்கள் செத்த காலேஜு என்கிறோமே, அதே இடம்தான். இத்தனை வருஷத்தில் நான் திமிங்கலத்தின் எலும்பைப் பார்த்ததோடு திரும்பிவிடுவேன், வெண்கலச் சிலை இருக்கிற பக்கம் போனதே கிடையாது. உள்ளே காலை வைத்ததும் எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு மச்சான். அத்தனை பேரும் ஜாடை காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தர் உள்ளங்கையை நிமிர்த்தி முன்னால் காட்டுகிறார், ஒருத்தர் விரலைத் தொங்கவிட்டுக் கீழே காட்டுகிறார், ஒருத்தருக்கு நாலு கை, நாலும் நாலு சொல்கிறது. தங்கள் உத்தரவெல்லாம் பறந்துபோய்விட்டது. "சார், இவுரு கைய பாரு. நிறுத்துன்றாரு. பக்கத்துல கீறவரு மெல்ல எறக்குன்றாரு. இந்த நாலு கைக்காரர் மட்டும் எங்க கப்பல்ல இருந்திருந்தாருன்னா நாலு ஆள் வேலைய ஒருத்தரே பாத்திருப்பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஃப்ளோரன்ஸ் என் விலாவில் இடித்தாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மனுஷன் சிரிக்கிறார் மச்சான், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "முப்பது வருசமா பிள்ளையளுக்குக் கை வரையச் சொல்லிக் குடுக்கேன். ஒருத்தனும் கையப் பாக்க மாட்டான், மூஞ்சியத்தான் பாப்பான். நீங்கதான் கையப் பாக்கீய" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு சிலைக்கும் என்னை இழுத்துக்கொண்டுபோய், இது என்ன சொல்லுது, அது என்ன சொல்லுது என்று கேட்டார். நான் நிறுத்து என்று சொன்ன கையை, பயப்படாதே என்று அபயம் காட்டுகிற கை என்று அவர் சொன்னதும், "எங்க ஊர்லயும் அதான் சார். சரக்கு நின்னுச்சுன்னா கீழ இருக்கறவனுக்கு பயம் இல்ல" என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

உற்சாகத்தில் அவரே, "இன்னொரு எடம் இருக்காமே" என்று கிருஷ்ணப்பன் கலைக்கூடத்தைச் சொன்னார். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய பங்களா, முன் கூடத்தில் படம், பின் கூடத்தில் கற்சிலை. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆளுயரத்துக்கு மாதா படம், சீமையில் எழுதினது. ஃப்ளோரன்ஸ் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள், முக்காட்டைப் போட்டாள், அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டாள். ரோஸ்மேரியும் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபமாலையை எடுத்தார். ஃப்ளோரன்ஸ் பையிலிருந்து மெழுகுவத்தியை எடுக்கவும் காவல்காரர் சௌக்கத் அலி ஓடிவந்தார். "யம்மா, தாயி, இது கோயிலு இல்லம்மா, படம். நெருப்பு கிருப்பு வெச்சினா எனுக்கு வேல போய்டும், எனுக்கு நாலு பொண்ணு கீது." நாலு பெண் என்றதும் ஃப்ளோரன்ஸ் மெழுகுவத்தியைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த நாலு பேருக்கும் நல்ல இடம் அமையவேண்டும் என்று ஜெபமாலையில் தனியாக ஒரு பத்து மணி உருட்டி ஜெபித்தாள். மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முடிகிறவரைக்கும் நின்றார்.

இனிமேல்தான் விஷயமே. பின் கூடத்தில் ஒரு கற்சிலை. ஆம்பளை, வலது கை முழங்கையோடு போய்விட்டது. யார் என்று தெரியவில்லை, கை எப்படி இருந்தது என்றும் தெரியவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரகுபதி என்ற படித்த பிள்ளை வந்து, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருந்திருக்கும் என்று பெரியவர்கள் சொல்வதாகச் சொன்னார். நான் சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். "இல்ல சார்" என்றேன். ஃப்ளோரன்ஸ் என் கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். "தோள பாரு. தூக்கற தோளா இது? முன்னால வந்து எறங்கிக்கீது. வெய்ட்டு பூரா இடது கால்ல. கண்ணு கீழ பாக்குது. கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் காட்டனா கீழ கீற ஆளு செத்துப்பூடுவான் சார். இவுரு மெல்ல எறக்குன்றாரு, உள்ளங்கை தரைய பாத்து இருந்திருக்கும்." ரகுபதி சிரிக்கவில்லை. என்னையும் சிலையையும் மாறிமாறிப் பார்த்தார். சிலை கிடைத்த நிலத்திலேயே கிடைத்த துண்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளே இருக்கிறது, நிமிர்ந்த கை ஒன்றை வைத்துப் பார்த்தோம், பொருந்தவில்லை, மற்றதை யாரும் வைத்துப் பார்க்கவில்லை என்றார். என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். வைக்கோலுக்குள் ஏழெட்டுக் கைகள். ஒவ்வொன்றாய்ப் புரட்டினோம். நேரம் ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தையும் எழுதவேண்டும். அறை வாசல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன், அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நம்ம டோரதி மாஸ்டரோடு பேசிக்கொண்டு நிற்கிறாள். மூணு நாளாய் அவர் முன்னால் வாயே திறக்காத பெண், அரை மணி நேரம் பேசினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், நடுவே ஒருதரம் அவள் தலையில் கைவைத்தார். வருங்கால மாமனாரை எப்படிக் கைக்குள் போட்டுக்கொண்டாள் பார்த்தீர்களா? என் ரத்தம் அல்லவா.

கவிழ்ந்த கை ஒன்று அடியில் கிடைத்தது. ரகுபதி பூவைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்து முழங்கையில் வைத்தார். தேங்காய் மூடியைத் தேங்காயோடு சேர்த்த மாதிரி உட்கார்ந்தது மச்சான், நடுவே ஒரு தலைமயிர் நுழையாது. சௌக்கத் அலி கைதட்டிவிட்டார். ரோஸ்மேரி, ஆமாம் அதே ரோஸ்மேரி, "சம்பந்தகாரரு லேசுப்பட்ட ஆளு இல்ல" என்று ஃப்ளோரன்ஸிடம் சொன்னதை நான் என் ரெண்டு காதால் கேட்டேன். ரகுபதி பெரிய நோட்டைக் கொண்டுவந்து, கையின் நிலையைக் கண்டு சொன்னவர் என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். கஸ்பார், துறைமுகம் என்று போட்டேன். ரிடையர் ஆனவன் என்று போட மனசு வரவில்லை.

ஸ்டேஷனில் மாஸ்டர் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கண் கலங்கியிருந்தது. "நீங்க பெரிய மனுசன் கஸ்பார். பிள்ளையையும் தைரியமா வளத்திருக்கீய. ஊருக்குப் போயி வெவரமா எழுதுதேன்" என்றார். இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சம்மதம் சொல்வான்? இன்று காலையிலேயே பங்குச் சாமியாரைப் பார்த்து, வருகிற ஞாயிறு பூசையில் முதல் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டேன். பேண்டு வாத்தியத்துக்கும் சொல்லியாயிற்று. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் தெரியும். தாங்கள் கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து, அந்தக் கற்சிலையை நேரில் பார்த்து, என் கையைப்பற்றி எழுதியதை மேற்படி கையைப் பிடித்தே வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பும், சின்னவர்களுக்கு நெற்றியில் சிலுவையும்.

இப்படிக்கு, தலைநிமிர்ந்து,
தங்கள் தங்கை புருஷன்
கஸ்பார்

பின்குறிப்பு: மாமா, நான் டோரதி. தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். அந்தச் சிலைக்குப் பக்கத்தில் லூர்து மாமா என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு உத்தரவு வந்து பெட்டிக்குள் கிடக்கிறது, எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். என் தலையில் கைவைத்து, "நாங்களே வேண்டாம்னு எழுதிருதேன், பழி எங்க மேல இருக்கட்டும்" என்றார். ரயிலடியில் அப்பாவின் கையை அவர் விடாமல் பிடித்தது அதற்காகத்தான். அவர் கடிதம் வியாழக்கிழமை வரும். நீங்கள் புதன்கிழமையே வந்துவிட வேண்டும், நீங்கள் சொன்னால்தான் அப்பா கேட்பார். ஓலை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ரிடையர் ஆனதிலிருந்து அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, அதனால் அவர் எழுதினதில் ஒரு வரியையும் அடிக்கவில்லை. ஆனால் மாமா, கையே இல்லாத கல்லைப் பார்த்து அது என்ன சொல்லிற்று என்று கண்டுபிடித்தவரிடம் மூன்று மாதமாக இதை நான் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றாம் தேதி நான் வேலையில் சேருகிறேன்.