ஏசிக்குள் குடிவந்த நாகம்மா

எனக்குப் பாம்பென்றால் பயம். லேசுபாசான பயமில்லை. இந்தக் கட்டுரையில் முதல் தடவை ‘பாம்பு’ என்று எழுதியதுமே கால் இரண்டையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். டிவியில் காட்டினால் சேனலை மாற்றுவேன். புத்தகத்தில் படமாக வந்தால் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்புவேன். (சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். உங்கள் மேல் பல்லி விழுந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.)

அப்படிப்பட்டவன் வீட்டு ஏசியில்தான் அது வந்து குடியேறியது.

அப்போது திருச்சானூரில் வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். வேலை ஸ்ரீ சிட்டியில், ஒரு தொழிற்சாலையில். மெஷின்களைச் சுற்றிவந்து எது ஒழுங்காக ஓடுகிறது, எது படுக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது என் பொறுப்பு. என் மேஜைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். ‘புதுச் சத்தமா, அதிர்வா, சூடா, தீய்ந்த வாசனையா? உடனே நிறுத்து, உடனே சொல்!’ அதை எழுதி மாட்டியவனே நான்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்ட உதவும்.

என் மனைவி ரேவதிக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு முன் ஒரு தடவை பாதியிலேயே கலைந்துபோய், இருவரும் வெகுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரஷர் ஏறுகிறது, கால் வீங்குகிறது, வெயிலில் வேகவிடாதீர்கள் என்று. வழக்கப்படி பிரசவத்துக்கு அவள் விஜயபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ஏசி கிடையாது, ஆஸ்பத்திரியும் தூரம். அதனால் அம்மா வீடே கிளம்பி எங்களிடம் வந்துவிட்டது. அதாவது என் மாமியார் கன்னியம்மா, ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து இறங்கினார்.

வைகாசி வெயில். திருப்பதி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையறையில் இருந்த அந்த ஒரு ஏசியை நம்பித்தான் ரேவதியும் வயிற்றில் இருந்த பிள்ளையும் இருந்தார்கள்.

அந்த ஏசி எனக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. முதலில், அது கிளம்பும்போதெல்லாம் டியூப்லைட் மங்கி மங்கி எரிந்தது. வோல்டேஜ் கம்மி என்றேன். அப்புறம், பின்பக்கச் சந்தில் இருக்கிற வெளிப்பெட்டி ‘டொக்’கென்று ஒரு சத்தம் போட்டு, கிளம்பப் பார்த்து, முடியாமல் நின்று, மறுபடி ‘டொக்’கென்றது. பழைய பெட்டி அப்படித்தான் என்றேன். ஜன்னல் கம்பியெல்லாம் கடகடவென்று நடுங்கியது. சுவரில் ஆணி லூசு என்றேன். மெயின் பாக்ஸில் ஏசியின் சுவிட்ச் தானாகக் கீழே விழுந்தது. தூக்கிவிட்டேன். விழுந்தது, தூக்கிவிட்டேன். கடைசியில் காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. “ஊரே கொதிக்குது, அது மட்டும் என்ன பண்ணும்?” என்று ஏசிக்குப் பரிந்து பேசினேன். தொழிற்சாலையில் ஒரு மெஷின் இதில் பாதி செய்திருந்தால் நான் விசில் ஊதி லைனையே நிறுத்தியிருப்பேன்.

ஒருநாள் பின்பக்கம் துணி காயப்போடப் போன அத்தை, பூனை மாதிரி நடந்து உள்ளே வந்தார்.

“மாப்ளே, இப்டி வாங்க. சத்தம் போடாம வாங்க.”

“இன்னா அத்தை?”

“அந்தப் பொட்டிக்குள்ள இன்னாவோ புஸ்ஸு புஸ்ஸுன்னுக்கினு கீது.”

போய்க் காதைக் கொடுத்தேன். ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சீறல். கொஞ்சம் நின்று, மறுபடியும் ‘உஸ்ஸ்ஸ்’. அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சந்துக்கு அந்தப் பக்கம் முள்ளும் புதருமாக ஒரு காலி மனை வேறு.

“அதோ பாருங்க, சட்டைய உரிச்சிப் போட்டுக்கினு கீது” என்றார் அத்தை. பெட்டிக்குக் கீழே வெள்ளையாக, மெல்லிசாக, சுருள் சுருளாக ஒன்று கிடந்தது. ஏசி குழாய்மேல் சுற்றியிருந்த டேப், வெயிலில் காய்ந்து உரிந்து விழுந்தது அது. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதில் செதில்களையே பார்த்தேன். (சத்தியமாகப் பார்த்தேன்.)

ஒரு கழியைத் தேடினேன், அடிக்க இல்லை, பிடித்துக்கொண்டு நிற்க. அதைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா அனசூயம்மா, அடிக்காதே என்று தெலுங்கும் தமிழுமாக அலறினார்.

“வத்து நாயனா, கொட்டவத்து! இண்ட்லோ புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்குது. நாகம்மா தல்லி அதி!”

அதில் அத்தைக்கும் அவருக்கும் ஒரே கட்சி. மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது, அடித்தால் பிள்ளைக்கு ஆகாது. நான் அடிக்கிற ஆள் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் எச்சரித்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது. லைட் மங்கியது ஏன்? அது ஒயர்மேல் படுத்ததால். ‘டொக்’கென்றது ஏன்? வாலால் அடித்ததால். பெட்டி நடுங்கியது ஏன்? அது புரண்டு படுத்ததால். குளிர்ச்சி வராததற்கு அத்தையே காரணம் கண்டுபிடித்தார்.

“வெயிலு தாங்காம அதுவும் ஏசிக்கு வந்துகீது, பாவம். குளிரெல்லாம் அதுவே வாங்கிக்கினா நமக்கு எங்க வரும்?”

நான் அதற்குத் தலையாட்டினேன்.

உண்மையான பயம் அதன்பிறகுதான் பிடித்தது. வெளிப்பெட்டியிலிருந்து ஒரு குழாய் சுவர் ஓட்டை வழியாக அறைக்குள் வருகிறதே, அது எங்கே முடிகிறது? ரேவதியின் தலைமாட்டில். ஓட்டையில் பழைய சாக்ஸையெல்லாம் திணித்தேன். அப்படியும் ஏசியைப் போடும்போது அதன் மூடி மெல்லத் திறக்கும், பாருங்கள், ஒவ்வொரு தடவையும் கட்டிலிலிருந்து குதித்தேன். ஏசியை நிறுத்தினால் ரேவதிக்கு மூச்சு வாங்கியது, பாதம் வீங்கி மினுமினுத்தது. போட்டால் உள்ளே அது விழித்துக்கொண்டு சீறியது. எதைச் செய்தாலும் பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றியது. போன தடவை கைவிட்டுப்போனது மாதிரி இதுவும் போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் ஏசியைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ரேவதி மட்டும் விசிறிக்கொண்டே, “பாம்போ பல்லியோ, யாரையாச்சும் கூப்ட்டு காட்டுங்களேன்” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லீவு போட்டுவிட்டு இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் ஏசி மெக்கானிக் சீனு. இன்னொருவர் பாம்பு பிடிக்கும் மல்லி. (பூவின் பெயர்தான், ஆள் ஆம்பளை.) கொக்கிக் கம்பி, சாக்குப் பை, கழுத்தில் ஒரு தாயத்து என்று வந்தார் மல்லி. அவர் பெயரைச் சொன்னாலே பாம்பெல்லாம் வீட்டைக் காலி செய்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

சீனு பெட்டியின் பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். உள்ளே ஒயர்கள் தெரிந்தன. அப்போதுதான் நான் விஷயத்தைச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு வாசல்வரை போய் நின்றுகொண்டார்.

“இன்னா சார், மொதல்லயே சொல்லமாட்டியா? நா ஏசி மெக்கானிக்கு. பாம்பு கீற பொட்டியில நா கை வெக்கமாட்டேன்.”

மல்லி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். ஒயர்களைப் பார்த்ததும் அவரும் அதே வாசலுக்குப் போனார்.

“நா நாகப்பாம்ப வெறுங்கையால புடிப்பேன் சார். கரெண்ட்டுன்னா மட்டும் எனக்கு ஆவாது. கரெண்ட்ட ஆஃப் பண்ணு.”

ஆஃப் செய்தேன். சீறலும் நின்றுவிட்டது.

“சத்தமே இல்லயே. எந்தப் பக்கம் கீதுன்னு எப்டித் தெரியும்? ஆன் பண்ணு.”

ஆன் செய்தேன். ‘உஸ்ஸ்ஸ்.’

“இப்ப போ” என்றார் சீனு.

“மூடியத் தொறந்தது நீதானே? நீ போ” என்றார் மல்லி.

“நீ புடிச்சிட்டு சொல்லு, அப்றம் நா போறேன்.”

“நீ ரிப்பேர் பண்ணிட்டு சொல்லு, அப்றம் நா புடிக்கிறேன்.”

தொழிலில் கைதேர்ந்த இரண்டு பேர், ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு நின்றார்கள். இருவருக்கும் பின்னால் நான், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடுவதற்குத் தோதாக நின்றேன்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுமை போய்விட்டது.

“மூணு ஆம்பளைங்க! த்தூ!” என்று உள்ளே போனவர், மஞ்சள் குங்குமத்தோடு ஒரு பால் பாக்கெட்டையும் எடுத்து வந்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, புற்று கிடைத்த மாதிரி, திறந்திருந்த மூடிக்கு நேராகப் போய் நின்றார். பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

“அத்தை, வேணாம்! கரெண்ட்டு!” என்று கத்தினேன். கத்தியதாகத்தான் நினைத்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது, வெளிப்பெட்டி மாதிரியே.

“நாகம்மா தாயே, எம் பொண்ண ஒண்ணும் பண்ணாம போயிடும்மா. பொறக்கற புள்ளைக்கு உம் பேர வெக்கிறேன்!”

பால் சீறிக்கொண்டு உள்ளே போனது.

டமார்!

நீலமாக ஒரு வெளிச்சம், புகை, தீய்ந்த பால் வாசனை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் அப்போது தெருவில் இருந்தேன். எனக்கு முன்னால் சீனு ஓடினார், அவருக்கும் முன்னால் மல்லி, சாக்கைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு. நான் பின்னால், “பாம்பு வெடிச்சிட்ச்சி! பாம்பு வெடிச்சிட்ச்சி!” என்று ஊரைக் கூட்டிக்கொண்டே ஓடினேன். தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. “பஸ் ஸ்டாண்டா சார், எக்கண்டி!” என்றார் டிரைவர். ஏறப்போனேன். ஒரு கால் ஆட்டோவிலும் ஒரு கால் ரோட்டிலுமாக இருக்கும்போதுதான் ரேவதி ஞாபகம் வந்தது.

திரும்பி ஓடினேன். என் ஆயுசிலேயே நான் அதிகம் பயந்தது அந்த ஓட்டத்தில்தான். பாம்பு நினைப்பிலேயே இல்லை. அந்தச் சத்தத்துக்கு அவளுக்கு என்ன ஆயிற்றோ, பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ, நான் பாவி எங்கே ஓடிவந்தேன் என்று அழுதுகொண்டே ஓடினேன். லுங்கி கையில் இருந்ததா இடுப்பில் இருந்ததா என்று திருச்சானூர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

ரேவதி கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்.

“வலிக்குதா? ரேவதி, வலி எடுத்துட்ச்சா?”

பேச முடியாமல் ஜன்னலைக் கை காட்டினாள். அப்புறம்தான் தெரிந்தது, அவள் அழவில்லை.

“எதுவரைக்கும் ஓடனீங்க?” என்று கேட்டுவிட்டு மறுபடி விழுந்து விழுந்து சிரித்தாள். “உள்ள ஒரே உதை. நீங்க ஓடனத அதுவும் பாத்துட்ச்சி.”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்பக்கம் அத்தை, காலி பாக்கெட்டும் கையுமாக, முடி கூடக் கலையாமல் நின்றிருந்தார். “சத்தம் நின்னுட்ச்சி பாத்தீங்களா மாப்ளே?” என்றார். நின்றுதான் இருந்தது.

மல்லியோடு திரும்பி வந்த சீனு, மெயினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. “பைப்புல சின்ன ஓட்டை சார், காஸு லீக்காயிக்கினே இருந்துகீது. காஸு இல்லாம ஓடி ஓடி கம்ப்ரசர் சூடாயி, சாவ கெடந்துகீது. பாலு ஊத்தி முடிச்சி வெச்சிட்டீங்க. லைட்டு டிம் ஆவலயா? சுவிட்ச்சு வுழலயா? அப்பவே கூப்ட வாணாவா?” என் மேஜைக்கு மேலே தொங்கிய போர்டு கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் மல்லி ஒப்புக்கொள்ளவில்லை. “பாம்பு இருந்துது சார். சத்தத்துல போயிட்ச்சி” என்று சாக்கை உதறி மடித்துக்கொண்டார். அத்தை அவர் பக்கம் பேசினார், அனசூயம்மாவும் அவர் பக்கம். சீனுவும் நானும் தோற்றோம்.

அனசூயம்மா அன்றைக்கே ரேவதியைத் தன் மாடி ஏசி அறைக்குக் கூட்டிப்போய்விட்டார். பிரசவம் வரைக்கும் அவளும் அத்தையும் அங்கேதான். நான் கீழே புழுங்கிக்கொண்டு கிடந்தேன், அது எனக்கு வேண்டியதுதான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண்.

ஷ, ஸ்ரீ, ஹா என்று வாயில் நுழையாத எழுத்துகளாகப் பார்த்து நான் பெயர்கள் தேடி வைத்திருந்தேன். “வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான்” என்றார் அத்தை. கம்ப்ரசரிடம் வேண்டிக்கொண்டது செல்லாது என்று வாதாடிப் பார்த்தேன். ரேவதியே என்னைக் கைவிட்டுவிட்டாள். நாகஸ்ரீ என்று வைத்தோம். அந்த ‘ஸ்ரீ’ மட்டும்தான் என் பங்கு.

போன மாதம் ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். புது டீச்சர் என் மகளிடம், “உனக்கு யார் இந்தப் பேர் வெச்சது?” என்று கொஞ்சலாகக் கேட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னாள்.

“நா எங்கூட்டு ஏசியில இருந்தேன் மிஸ். புஸ்ஸு புஸ்ஸுன்னேன். ஆயா பால் ஊத்துச்சி. டமார்னு வெடிச்சிட்டேன். எங்க நைனா ஆட்டோ புடிக்க ஓடிட்டாரு.”

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“திரும்பி வந்துட்டேன் மேடம்” என்றேன்.